சாரத்தில் இருந்து விழுந்தால்: ஆஸ்பத்திரி வாசல் முதல் இழப்பீட்டு மனு வரை

வேலையிடத்தில் சாரத்தில் இருந்தோ ஏணியில் இருந்தோ விழுந்த ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அடுத்து யாரைப் பார்ப்பது, எதை எழுதி வாங்குவது என்று புரியாமல் வெளியே நிற்கிறீர்களா? உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் தங்கை வீட்டுக்காரர் பெயிண்டர். திருப்பூர் மாவட்டம் பல்லடம் பக்கம் ஒரு குடோனின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும்போது சாரப் பலகை புரண்டு விழுந்துவிட்டார். குதிகால் எலும்பு நொறுங்கியது. முதுகெலும்பில் ஒன்று நசுங்கியது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், தொழிலாளர் துறை என்று குடும்பமே அலைந்தது. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

இது கட்டட வேலைக்கு மட்டும் இல்லை. பனியன் கம்பெனியில் டியூப் லைட் மாட்ட ஏணி ஏறிய எலக்ட்ரீசியன், தறிக் குடோனின் சிமெண்ட் சீட்டில் கால் வைத்து சீட்டோடு உள்ளே விழுந்தவர், ஃபிளெக்ஸ் கட்டுகிறவர், தண்ணீர் டேங்க் கழுவ ஏறியவர் எல்லோருக்கும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

1. முதல் ஒரு மணி நேரம்: அள்ளித் தூக்காதீர்கள்

விழுந்தவரை இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோவது நம் பக்கம் சாதாரணமாக நடக்கிறது. முதுகெலும்பு உடைந்திருந்தால் அந்தப் பயணத்திலேயே கால் செயலிழக்கலாம். கிடக்கிற நிலையிலேயே விட்டு, கழுத்தை அசைக்காமல் பார்த்துக்கொண்டு, 108-ஐக் கூப்பிடுங்கள். தண்ணீர், சோடா எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம்.

காலூன்றி விழுந்தவருக்குக் குதிகால் உடைந்தால் முதுகெலும்பிலும் அடி இருக்க வாய்ப்பு உண்டு. கால் வலி பெரிதாக இருப்பதால் முதுகு வலியை அவர் சொல்லவே மாட்டார். "முதுகுக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க டாக்டர்" என்று நீங்கள் கேளுங்கள். தலையில் அடிபட்டிருந்தால், நன்றாகப் பேசினாலும் அன்று இரவு வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். வாந்தி, அசாதாரணத் தூக்கம், பேச்சுக் குழறல் தெரிந்தால் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

நாட்டுக் கட்டு கட்டுகிற இடத்துக்கு நேராகப் போய்விடுகிறவர்களும் இருக்கிறார்கள். வைத்தியத்தைப் பற்றிய பேச்சு ஒருபுறம் இருக்கட்டும். அங்கே எக்ஸ்ரேயும் இருக்காது, விபத்துப் பதிவும் இருக்காது. பின்னால் ஒரு காகிதம்கூட உங்கள் கையில் நிற்காது.

2. கேஷுவாலிட்டியில் சொல்லும் முதல் வாக்கியம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கேஷுவாலிட்டியில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "எப்படி அடிபட்டது?" நீங்கள் சொல்லும் பதிலை விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதுவார். இதைத்தான் ஏ.ஆர். என்கிறார்கள். போலீஸ், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), இன்சூரன்ஸ் கம்பெனி, தொழிலாளர் துறை என்று எல்லோரும் முதலில் புரட்டுவது இந்தத் தாளைத்தான். ஆறு மாதம் கழித்து நீங்கள் எவ்வளவு உண்மை சொன்னாலும், இந்தத் தாளில் வேறு மாதிரி இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார்.

ஆம்புலன்ஸ் கூடவே மேஸ்திரியோ கான்ட்ராக்டரோ வருவார். அக்கறையாகத்தான் பேசுவார். எங்களிடம் வந்தவர் சொன்னது: "கம்பெனில விழுந்ததுன்னு சொன்னா போலீஸ் கேசாயிருமுங்க. ஆஸ்பத்திரில கட்டு போட மாட்டாங்க, லேட்டாகும். வீட்டு மாடில இருந்து விழுந்துட்டாருன்னு சொல்லீருங்க, செலவை நான் பாத்துக்கறேன்." இதை நம்பாதீர்கள். போலீஸுக்குத் தகவல் போவதால் வைத்தியம் நிற்காது. அவசர சிகிச்சையை மறுக்க எந்த ஆஸ்பத்திரிக்கும் உரிமை இல்லை.

பைக்கில் இருந்து விழுந்ததாகச் சொல்லச் சொல்கிறவர்களும் உண்டு. முதல் 48 மணி நேரத்துக்கு அரசே செலவை ஏற்கும் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் சேர்த்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. அந்தத் திட்டம் சாலை விபத்துக்கு மட்டும். சாரத்தில் இருந்து விழுந்தவரை அதில் சேர்த்தால் அது பொய்த் தகவல். வேலையிடத்து விபத்து என்ற உங்கள் வழக்கும் அத்தோடு முடிந்தது.

நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: இன்ன தேதி, இத்தனை மணிக்கு, இன்ன ஊரில், இன்னாருடைய கட்டடத்தில், இன்ன வேலை செய்யும்போது, இத்தனை அடி உயரத்தில் இருந்து விழுந்தார். டாக்டர் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். "கீழே விழுந்தார்" என்று மொட்டையாக இருந்தால், வேலையிடத்தில் சாரத்தில் இருந்து என்று சேர்க்கச் சொல்லுங்கள். குடிக்காதவருக்கு மது வாடை என்று எழுதியிருந்தால் அங்கேயே ஆட்சேபம் சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

3. இ.எஸ்.ஐ. இருக்கிறதா என்று பாருங்கள்

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனி, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. இருக்க வேண்டும். பத்து இலக்க இன்சூரன்ஸ் நம்பர் இருந்தால் மத்திய அரசின் உமங் செயலியிலேயே பார்த்துவிடலாம்.

இ.எஸ்.ஐ. இருந்தால் வழியே வேறு. வேலையில் நடந்த விபத்துக்கு, இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விழுந்தாலும் உரிமை உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர ஊனம் என்றால் மருத்துவக் குழு பார்த்து, வருமான இழப்பின் அளவுக்கு ஏற்ப மாதாமாதம் தொகை வரும். இறந்துவிட்டால் குடும்பத்துக்கு ஓய்வூதியம் மாதிரி ஒரு தொகை உண்டு.

முதலாளி விபத்து அறிக்கையை (படிவம் 12) 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினாரா என்று கேட்டு, நகல் வாங்குங்கள். வேலைக்குச் சேர்ந்த தேதியையும் சரிபாருங்கள். விபத்துக்குப் பிறகு அவசரமாகப் பதிவு செய்து, அன்றைக்குத்தான் சேர்ந்ததாகக் காட்டும் இடங்கள் உண்டு. நம் பகுதிக்குப் பெரிய மருத்துவமனை கோவை சிங்காநல்லூரில் இருக்கிறது. அவசரத்துக்குப் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாலும், எல்லா பில்லையும் அசலாக வைத்திருந்தால் திரும்பக் கேட்கலாம். கட்டணமில்லா எண் 1800 11 2526.

இ.எஸ்.ஐ. பலன் கிடைக்கும் ஒருவர், அதே விபத்துக்கு ஊழியர் இழப்பீட்டு வழக்குப் போட முடியாது. அதனால் 7-வது படிக்குப் போவதற்கு முன் இதை முடிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாளி பதிவே செய்யவில்லை என்றால், இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். தொழிலாளிக்குப் பலன் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது.

4. போலீஸ் புகார்

விழுந்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லையோ அங்கே கொடுக்க வேண்டும். அன்றைக்கே எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். அலட்சியத்தால் கொடுங்காயம் என்றால் பாரதிய நியாய சம்ஹிதா 125, உயிரிழப்பு என்றால் 106 என்ற பிரிவுகள் வரும். எஃப்.ஐ.ஆர். இல்லை என்பதற்காக இழப்பீட்டு மனு தள்ளுபடி ஆகாது. ஆனாலும் இருந்தால் சம்பவம் நடந்ததை நிரூபிப்பது பாதி முடிந்த மாதிரி.

5. ஆதாரம்: சாரத்தைப் பிரிப்பதற்கு முன்

மறுநாள் காலையில் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். ஏணியை மாற்றிவிடுவார்கள். புதிதாக நாலு பெல்ட்டும் ஹெல்மெட்டும் வந்து தொங்கும். அதனால் அன்று சாயங்காலமே வீட்டில் இருந்து ஒருவர் அந்த இடத்துக்குப் போக வேண்டும்.

உடைந்த பலகை, கட்டுக் கயிறு, சவுக்குக் கம்பு ஊன்றியிருந்த தரை, ஏணியின் அடிக்கால், எல்லாவற்றையும் படம் எடுங்கள். டேப் வைத்து உயரத்தை அளந்து, டேப்போடு ஒரு படம். கட்டடத்தின் பெயர்ப்பலகை தெரிகிற மாதிரி ஒரு வீடியோ.

கூட வேலை செய்தவர்களின் பெயர், போன் நம்பர், சொந்த ஊர் முகவரி மூன்றையும் வாங்குங்கள். திருப்பூரிலும் கோவையிலும் சாரத்தில் நிற்பவர்களில் பலர் ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்துத் தம்பிகள். ஊருக்குப் போனால் எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது. அங்கேயே இருக்கும்போது நடந்ததை அவர்கள் பாஷையிலேயே போனில் பேசச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது, அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கே ஆதாரம். சனிக்கிழமை கையில் கூலி வாங்குகிறவருக்குச் சம்பளச் சீட்டு எங்கே இருக்கும்? இருக்கிறதைத் தேடுங்கள். ஜிபே, போன்பேயில் மேஸ்திரி அனுப்பிய பணம். "நாளைக்கு எட்டு மணிக்கெல்லாம் வந்துருங்க" என்று வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவு. வேலை நடக்கும்போது எடுத்த செல்ஃபி. டீக்கடைப் பற்று நோட்டு. எங்கள் வழக்கில் வேலையை நிரூபித்தது ஒரு குரல்பதிவுதான். அடிபட்டவரின் போனை முதலில் பத்திரப்படுத்துங்கள், பேக்கப் எடுங்கள்.

6. கையெழுத்துக் கேட்டு வருவார்கள்

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் ஒரு பேப்பரும் கொஞ்சம் பணமும் வரும். "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று அதில் இருக்கும். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும் கூட வருவார்கள். வந்தவர்களை மரியாதையாக உட்கார வையுங்கள், கையெழுத்து மட்டும் போடாதீர்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. பேசி முடிப்பதானால்கூட ஒப்பந்தத்தை ஊழியர் இழப்பீட்டு ஆணையர் முன் பதிவு செய்ய வேண்டும். செல்லாது என்றாலும், அந்தக் காகிதத்தை வைத்து வழக்கை இழுக்க முடியும் என்பதால்தான் வேண்டாம் என்கிறேன். வெற்றுத்தாள், வெற்று முத்திரைத்தாள் எதிலும் கைநாட்டுகூட வைக்கக் கூடாது.

"ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் நானே பாத்துட்டேன், அதுலயே சரியாப் போச்சு" என்பது அடுத்த பேச்சு. வைத்தியத்துக்கு முதலாளி கொடுத்த பணம் இழப்பீட்டில் சேராது. வைத்தியச் செலவு தனி, இழப்பீடு தனி.

இறப்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும். இழப்பீட்டை முதலாளி ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தது இழப்பீடாகக் கணக்காகாது. முன்பணம் என்ற அளவில் மட்டும் கழித்துக்கொள்ளலாம்.

"பெல்ட் கொடுத்தோம், அவர்தான் போடல" என்றும் சொல்வார்கள். பெல்ட் கொடுத்ததையும், போடச் சொல்லித் தெளிவாக உத்தரவிட்டதையும், வேண்டுமென்றே மீறியதையும் அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். சாதாரணக் கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுக்காது. உயிரிழப்பிலும் நிரந்தர முழு ஊனத்திலும் இந்த வாதமே எடுபடாது.

7. நோட்டீஸ்: யாருக்கு அனுப்புவது

மேஸ்திரி, அவருக்கு மேல் கான்ட்ராக்டர், அவருக்கு மேல் கம்பெனி. மூன்று பேரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். தன் தொழில் சார்ந்த வேலையை கான்ட்ராக்ட் விட்டிருந்தாலும் பிரதான முதலாளிக்கும் பொறுப்பு உண்டு. அதனால் மூவர் பெயருக்கும் ஒரே நோட்டீஸ் அனுப்புங்கள். எப்போது, எங்கே, எப்படி, என்ன காயம் என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். ஒப்புகை கேட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதையும் நோட்டீஸ் நகலையும் சேர்த்து வையுங்கள். முதலாளி எடுத்திருக்கும் இன்சூரன்ஸ் பாலிசி நம்பரையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.

தொழிற்சாலையிலோ கட்டட வேலையிலோ நடந்திருந்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். அவர்கள் வந்து பார்த்து எழுதும் அறிக்கை பின்னால் பெரிய துணை.

8. மனு: எங்கே, என்னென்ன காகிதம்

ஊழியர் இழப்பீட்டு ஆணையரிடம் மனு போட வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் தொழிலாளர் துறை துணை ஆணையர்தான் அந்தப் பொறுப்பில் இருப்பார். விபத்து நடந்த இடத்தில் போடலாம், நீங்கள் குடியிருக்கும் ஊருக்கு உரிய அலுவலகத்திலும் போடலாம். திருப்பூரில் விழுந்த தர்மபுரிக்காரர் விசாரணைக்கு விசாரணை பஸ் ஏறி வர வேண்டியதில்லை.

விபத்து நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போட்டாக வேண்டும். "கொஞ்சம் பொறுங்க, பேசி முடிச்சுக்கலாம்" என்று இழுப்பது இந்தக் கெடுவைக் கடத்தத்தான்.

1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. கணக்குப் போடும் முறை மாறவில்லை. மனுவில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுதுவதை மட்டும் அலுவலகத்தில் கேட்டு எழுதுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை:

- ஏ.ஆர். நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி
- எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் (செல்போனில் வந்த படம் போதாது, ஃபிலிம் அல்லது சி.டி. கேளுங்கள்)
- மருந்து பில், ஆஸ்பத்திரி பில், ஆம்புலன்ஸ் ரசீது
- சி.எஸ்.ஆர். அல்லது எஃப்.ஐ.ஆர்.
- சம்பள ஆதாரம், படங்கள், சாட்சிகளின் விவரம்
- நோட்டீஸ் நகல், தபால் ரசீது, ஒப்புகை
- ஆதார், வயதுச் சான்று, பாங்க் பாஸ்புக்
- இறப்பு என்றால் இறப்புச் சான்று, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று

வயதுச் சான்றைச் சும்மா விடாதீர்கள். வயதை வைத்துத்தான் தொகையே. ஆதாரில் பலருக்கு ஜனவரி 1 என்று குத்துமதிப்பாகப் போட்டிருக்கும், பள்ளி டி.சி. இருந்தால் அதையும் வையுங்கள்.

9. எவ்வளவு வரும்

இறப்புக்கு: மாதச் சம்பளத்தில் 50 சதவீதம், அதைச் சட்டத்தின் அட்டவணையில் அந்த வயதுக்குக் கொடுத்திருக்கும் காரணியால் பெருக்க வேண்டும். நிரந்தர முழு ஊனத்துக்கு 60 சதவீதம். சம்பளம் எவ்வளவு வாங்கினாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சம் (2020 ஜனவரி முதல்). காரணி 30 வயதுக்கு 207.98, 35-க்கு 197.06, 40-க்கு 184.17, 50-க்கு 153.09.

35 வயதுப் பெயிண்டர் ஒருவருக்கு வருமானத் திறன் 30 சதவீதம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15,000-இல் 60 சதவீதம் 9,000. அதை 197.06-ஆல் பெருக்கினால் 17,73,540. அதில் 30 சதவீதம் 5,32,062 ரூபாய். சமரசத்துக்கு வருகிறவர் சொல்லும் தொகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு, அரை மாதத்துக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் 25 சதவீதம். 15,000 என்றால் 3,750. விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கட்டாத முதலாளி 12 சதவீத வட்டி கட்ட வேண்டும். தகுந்த காரணம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. இரண்டையும் மனுவிலேயே கேளுங்கள்.

10. ஊனச் சதவீதமும் வருமான இழப்பும் வேறு வேறு

பலர் பணத்தை இழப்பது இங்கேதான். டாக்டர் சான்றில் "20 சதவீத ஊனம்" என்று இருக்கும். அது காலின் கணக்கு. குதிகால் உடைந்த ஒருவர் கடையில் உட்கார்ந்து கல்லாவைப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் மாப்பிள்ளை இன்று சமதரையில் நடக்கிறார், ஆனால் ஏணியின் மூன்றாவது படியில் கால் நடுங்குகிறது. சாரம் ஏற முடியாத பெயிண்டருக்கு எத்தனை சதவீத வேலை மிச்சம் இருக்கும்? ஆணையர் பார்க்க வேண்டியது அதைத்தான். 1975-இல் உச்ச நீதிமன்றம், முழங்கைக்கு மேல் இடது கை போன ஒரு தச்சருக்கு, இனி தச்சு வேலை செய்யவே முடியாது என்பதால் 100 சதவீத இழப்பு என்று ஏற்றுக்கொண்டது.

அதனால் சான்று கொடுக்கும் டாக்டரிடம் செய்த வேலையை விளக்கிச் சொல்லுங்கள்: எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் நிற்பது, எவ்வளவு சுமை. உயரத்தில் வேலை செய்ய இயலாது, குந்த இயலாது, பாரம் தூக்க இயலாது என்று சான்றில் எழுதி வாங்குங்கள். சிகிச்சை முழுவதும் முடிந்த பிறகு சான்று எடுப்பது நல்லது.

11. நல வாரியமும் காப்பீட்டு அட்டையும்

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு இருந்தால் விபத்து உதவித் தொகை தனியாகக் கிடைக்கும். தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அட்டை காலாவதியாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கட்டட வேலையிடத்தில் உயிரிழந்தவருக்குப் பதிவு இல்லாவிட்டாலும் உதவி உண்டு, அதனால் கேட்காமல் விடாதீர்கள்.

ஆபரேஷன் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆபரேஷனுக்கு முன்பே சொல்லி அனுமதி வாங்க வேண்டும். முடிந்த பிறகு அட்டையை நீட்டினால் பயன் இல்லை. எண் 1800 425 3993.

12. வக்கீல், செலவு, காலம்

இலவசச் சட்ட உதவி எண் 15100-க்குப் பேசுங்கள், இல்லாவிட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். தொழிற்சாலைத் தொழிலாளர்கள், பெண்கள், பட்டியல் இனத்தவர், மாற்றுத் திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு வக்கீல் இலவசம். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வந்து "வர்றதுல பாதி எனக்கு" என்று பேசும் புரோக்கர்களிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கிடைக்கும் தொகையில் பங்கு என்று ஃபீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிக்கே விரோதம்.

கைச்செலவு பெரும்பாலும் நகல், தபால், பஸ், சான்றுக்கு அலைவது, அந்த நாட்களில் போகும் கூலி. மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் எதிர்த்தரப்பு வாய்தா வாங்கி வாங்கி நீளும். வாய்தா நாளில் நீங்கள் போகாமல் இருந்தால் மனு தள்ளுபடியாகலாம், அதனால் தேதியை ஒவ்வொரு முறையும் ஆபீசிலேயே எழுதி வாங்கி வாருங்கள். தீர்ப்புக்குப் பிறகு முதலாளி உயர் நீதிமன்றம் போவதானால் முழுத் தொகையையும் ஆணையரிடம் கட்டிய பிறகுதான் போக முடியும். பணம் கட்டவே இல்லை என்றால், நில வரி பாக்கி மாதிரி மாவட்ட ஆட்சியர் வழியாக வசூலிக்க அதே ஆணையரிடம் தனி மனு கொடுங்கள்.